வேருக்குக் கீழ்த்திசை எப்படித் தெரிகிறது?

கிறிஸ்து பிறப்புக் குடிலில் பசும்புல் தரை அமைய வேண்டுமென்று, விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே ஒரு தட்டில் மண்ணைப் பரப்பிக் கேழ்வரகைத் தூவி வைக்கும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. தூவும்போது எந்த விதை எந்தப் பக்கமாக விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்று நிமிர்ந்து விழும். ஒன்று கவிழ்ந்து விழும். இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். ஆனால் நான்கைந்து நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் தளிர்கள் எல்லாம் மேலே, வேர்கள் எல்லாம் கீழே. வேரை வானத்துக்கு நீட்டிக்கொண்டு தலைகீழாக நிற்கும் நாற்று ஒன்றைக்கூட நாம் காண்பதில்லை.

பழகிப்போன காட்சியாதலால் இதில் நமக்கு வியப்பு எழுவதில்லை. ஆனால் சற்று எண்ணிப் பார்ப்போம். மண்ணுக்குள்ளே இருட்டு. வேருக்குக் கண் இல்லை, காது இல்லை, நரம்பும் இல்லை. கேழ்வரகு விதையோ கடுகளவுதான். அதனுள் கட்டிக் கொடுத்த சோறு சில நாட்களுக்கே வரும். மேல்மண் வெயிலில் காய்ந்து போவதற்குள் முளைவேர் அடியிலுள்ள ஈரத்தைப் பிடித்தாக வேண்டும். தவறான திசையில் நீண்டுவிட்டால் அந்த நாற்றுக்கு மறு வாய்ப்பு இல்லை. ஆகவே ‘கீழ் எது?’ என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

இக்கேள்விக்கு முன்னோர் சொன்ன விடைகள் பல. வெயிலில் வைத்த மெழுகுத்திரி தானாகத் தொங்கி வளைகிறதே, அதுபோல மென்மையான வேரும் தன் பாரத்தால் தொங்குகிறது என்றனர் சிலர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் 1829ஆம் ஆண்டிலேயே, முளைத்த விதையைப் பாதரசத்தின் மேல் வைத்தால் அதன் வேர் பாதரசத்துக்குள்ளும் நுழைந்து இறங்குகிறது என்று காட்டப்பட்டது. பாதரசம் தண்ணீரைப் போலப் பதின்மூன்றரை மடங்குக்கு மேல் கனமானது. இரும்பு ஆணியே அதில் மிதக்கும். தொங்குகிற பொருள் அதற்குள் போகாது. முயன்று தள்ளுகிற பொருள்தான் போகும். வேர் வளர்ந்து தள்ளிக்கொண்டுதான் இறங்குகிறது.

ஈரத்தைத் தேடித்தான் வேர் கீழே போகிறது என்று வேறு சிலர் கருதினர். இதில் பாதி உண்மை உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் சாக்ஸ் 1872ல் ஒரு சல்லடையில் ஈர மரத்தூளை நிரப்பி, அதில் விதைகளை இட்டுச் சாய்வாகத் தொங்கவிட்டார். வேர்கள் கண்ணிகளின் வழியே கீழே வந்தன. வெளியே காற்று உலர்ந்திருப்பதை உணர்ந்ததும் திரும்பி, ஈரமான மரத்தூளை நோக்கியே வளைந்தன. ஈரமும் வேரை இழுக்கும் என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஈரம் இருந்தாலும் வேர் கீழ்நோக்கித்தான் செல்கிறது. அந்த வேளையில் அதை வழிநடத்துவது எது?

புவியின் ஈர்ப்பே என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியவர் இங்கிலாந்தின் தோமஸ் ஆண்ட்ரூ நைட். 1806ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனை நம் மனத்தை விட்டு அகலாதது. அவருடைய தோட்டத்தில் ஓர் ஓடை ஓடிற்று. அந்நீரால் சுழலும்படி ஒரு சிறு சக்கரத்தை அமைத்து, அதன் விளிம்பில் முளைக்கும் அவரை விதைகளை எல்லாத் திசையும் நோக்கும்படி கட்டினார். செங்குத்தான சக்கரம் நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் இரவும் பகலும் சுழன்றது. சுழலும் விதைக்கு ‘கீழ்’ என்பது கணத்துக்குக் கணம் மாறுகிறது. ஆகவே புவியீர்ப்பின் பயன் அடித்துப் போய்விடுகிறது. மிஞ்சுவது, சுழற்சியால் வெளிப்புறமாக வீசும் விசை மட்டுமே. திருவிழா ராட்டினம் வேகமெடுக்கும்போது சங்கிலி நாற்காலிகள் வெளியே விரிந்து பறக்கக் காண்கிறோமே, அதே விசைதான். சில நாட்களில் எல்லா வேர்களும் சக்கரத்துக்கு வெளிப்புறமாகவும், எல்லாத் தளிர்களும் நடுவிலிருந்த அச்சை நோக்கியும் வளர்ந்திருந்தன!

நைட் அத்துடன் நிற்கவில்லை. சக்கரத்தைப் படுக்கவைத்துச் சுழற்றினார். இப்போது விதைக்குக் கீழ்நோக்கி ஒரு விசை, வெளிநோக்கி ஒரு விசை. நிமிடத்துக்கு 80 சுற்று என்ற வேகத்தில் வேர்கள் இரண்டுக்கும் நடுவே, 45 பாகைச் சாய்வில் வளர்ந்தன. அவருடைய சக்கரம் 11 அங்குல விட்டம் உடையது. இந்த அளவுகளை வைத்து நாம் நம் பௌதிக வகுப்புச் சூத்திரத்தால் கணக்கிட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் வெளிவிசை ஏறத்தாழப் புவியீர்ப்புக்குச் சமமாகவே வருகிறது. இரண்டும் சமமானால் 45 பாகைதானே வரவேண்டும்! ஓடைத் தண்ணீரையும் அவரை விதையையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாகச் செய்த சோதனை வேறொன்று உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேரை இழுப்பது புவியீர்ப்பு என்பது தெரிந்தாயிற்று. அதை உணரும் இடம் எது? இதை நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே வைக்க நனைத்த மையொற்றுத் தாள், ஊறிய மொச்சை விதைகள் நான்கைந்து, கட்டுவதற்கு நூல் ஆகியவை போதும். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அடிவிளிம்பு சிறிது நீரில் நனையும்படி வைத்துக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். வேர் இரண்டு விரற்கடை இறங்கிய பிறகு, அதன்மேல் நுனியிலிருந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக இந்திய மையால் குறியிட்டு, தகட்டைக் கால் சுற்றுத் திருப்பி வைப்போம். மறுநாள் காலையில் கிடையாக இருந்த வேர் மீண்டும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வளைவு விழுந்த இடம் எதுவென்று கோடுகள் சொல்லும்: அது நுனி அன்று, நுனிக்குச் சற்றுப் பின்னால், கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போன, விரைவாக வளரும் பகுதி.

இனி, இன்னொரு விதையில் வேரின் கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் சவரத் தகட்டால் வெட்டிவிட்டுத் திருப்பி வைத்தால் என்ன நிகழும்? வேர் சாகாது, வளரவே செய்யும். ஆனால் வளையாது. திருப்பி வைத்த திசையிலேயே, கீழ் எது என்று அறியாமல் நீண்டுகொண்டு போகும். ஓரிரு நாளில் புதிய நுனி உண்டானதும் மறுபடியும் வளையத் தொடங்கும். போலந்து இனத்தவரான சியெசெல்ஸ்கி இதை 1872ல் வெளியிட்டார். முதுமையில் சார்லஸ் டார்வின் தம் மகன் ஃபிரான்சிஸின் துணையுடன் இதை விரிவாக ஆராய்ந்து 1880ல் நூலாக எழுதினார். உணர்வது ஓரிடம், வளைவது மற்றோரிடம். ஆகவே நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி பின்னோக்கிச் செல்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வேர்நுனியைச் சிற்றுயிர்களின் மூளையோடு ஒப்பிடும் அளவுக்கு டார்வினுக்கு அதன்மேல் மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

அந்த நுனிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கான துப்பு, வேடிக்கையாக, ஓர் இறாலிடமிருந்து கிடைத்தது. இறாலின் தலைப்பகுதியில் ஒரு சிறு குழி உண்டு. அதில் மணல் துகள்கள் கிடக்கும். துகள் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அதுவே கீழ்ப்பக்கம் என்று இறால் அறிகிறது. தோலுரிக்கும்போது பழைய மணலும் போய்விடுவதால் புதிய மணலை அது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வியன்னாவில் அலாய்ஸ் கிரைடல் என்பவர் 1893ல் மணலுக்குப் பதிலாக இரும்புத் தூளை இட்டார். ஏமாந்த இறால் அதையே எடுத்துக் குழியில் வைத்துக்கொண்டது. மேலே ஒரு காந்தத்தைப் பிடித்ததும் வயிற்றை மேலாக்கி மல்லாந்து நீந்திற்று!

செடியிலும் இத்தகைய ‘மணல்’ இருக்கக் கூடுமோ என்று தேடியவர்கள் இருவர்: கிராட்ஸ் நகரில் ஹாபர்லாண்ட், பிராகு நகரில் நெமெட்ஸ். ஒருவரையொருவர் சாராமல் 1900ஆம் ஆண்டில் இருவரும் ஒரே விடையைக் கண்டனர். வேரின் நுனியில், தையற்காரர் விரலில் அணியும் அங்குஸ்தானைப் போல ஒரு வேர்மூடி இருக்கிறது. அதன் நடுவிலுள்ள உயிரணுக்களில் மாவுச்சத்து நிறைந்த மணிகள் உள்ளன. சுற்றியுள்ள திரவத்தைவிடக் கனமானவை ஆதலால் அவை எப்போதும் அடியில் படிந்து கிடக்கும். வேரைச் சாய்த்தால் மணிகளும் உருண்டு, இப்போது எது அடியோ அங்கே போய்ச் சேரும். வேர்நுனியை மெல்லிய சீவலாக்கி அயோடின் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கருநீல மணிகள் ஒருபுறமாகக் குவிந்திருப்பது தெரியும். பள்ளி நுண்ணோக்கியிலேயே காணத்தக்க காட்சி இது.

கருத்து அழகானது, ஆனால் மெய்ப்பிக்க வேண்டுமே. 1966ல் ஜூனிப்பரும் அவருடைய கூட்டாளிகளும் மக்காச்சோள வேரிலிருந்து வேர்மூடியை மட்டும், தொப்பியைக் கழற்றுவது போல அலுங்காமல் கழற்றினர். வேர் வழக்கம்போல் வளர்ந்தது; திசை மட்டும் மறந்துபோயிற்று. ஆயினும் எல்லாரும் இணங்கிவிடவில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் மாவுச்சத்தே செய்யாத வகை ஒன்று உண்டு. அதன் வேரும், மெதுவாகவும் குறைவாகவும் ஆனாலும், கீழ்நோக்கி வளையத்தான் செய்கிறது என்று 1989ல் தெரியவந்தபோது, மணிக் கொள்கையே தவறோ என்ற வாதம் எழுந்தது. மாவில்லாத மணிக்கும் சிறிது கனம் உண்டு என்பது எதிர்த்தரப்பின் பதில். இத்தகைய வழக்குகள் விஞ்ஞானத்தில் எளிதில் தீர்வதில்லை. 1996ல் குஸ்நெட்சோவ், ஹாசன்ஸ்டைன் என்ற இருவர் இறால் சோதனையைச் செடியில் செய்தே காட்டினர். மாவுச்சத்தை வலிமை மிக்க காந்தம் சிறிது விலக்கித் தள்ளும். செடியைச் சாய்க்காமல், காந்தத்தால் மணிகளை மட்டும் ஒருபுறமாகத் தள்ளினர். மணிகள் போன பக்கமே வேரும் வளைந்தது.

இங்கே ஒரு சிறு ஐயம் எழலாம். களத்தில் நெல்லைக் குவித்தால் குவியல் சாய்வாகவே நிற்கிறது. தரை சற்றே சாய்ந்தாலும் சரிந்து ஓடிவிடுவதில்லை. மணிகளும் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தால் சிறு சாய்வை வேர் எப்படி அறியும்? பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2018ல் இதற்கு விடை கண்டனர். உயிரணுவுக்குள் நடக்கும் இடைவிடாத இயக்கம் மணிகளைச் சற்றும் ஓய விடாமல் குலுக்கிக்கொண்டே இருக்கிறது. முறத்தை அசைத்துக்கொண்டே இருந்தால் தானியம் சமனாகிவிடுவது போல, அம்மணிகளும் தண்ணீரைப் போலச் சிறிய சாய்வுக்கும் ஓடிச் சேர்கின்றன.

மணி விழுந்த செய்தி வளையும் இடத்துக்குப் போய்ச் சேருவது எப்படி? செய்தி கொண்டு போவது ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள் என்று 1920களில் கீவ் நகரத்துச் சோலோட்னியும் ஹாலந்து நாட்டு வெண்ட்டும் தனித்தனியே கூறினர். ஆக்ஸின் வேரின் நடுப்பகுதி வழியே நுனிக்கு இறங்கி, அங்கிருந்து நீரூற்றுப் போல விரிந்து, வெளி அடுக்குகளின் வழியே திரும்புகிறது. நேராக நிற்கும் வேரில் எல்லாப் பக்கமும் சம அளவு. வேர் சாய்ந்தால் கீழ்ப்பக்கம் அதிகமாகப் போகிறது. தண்டில் ஆக்ஸின் மிகுந்தால் வளர்ச்சி மிகும். வேரிலோ, மிகுந்தால் வளர்ச்சி தடைப்படும். ஆகவே சாய்ந்த தண்டு கீழ்ப்பக்கம் நீண்டு மேலே நிமிர்கிறது. சாய்ந்த வேர் மேற்பக்கம் நீண்டு கீழே குனிகிறது. ஒரே பொருளைக் கொண்டு இரண்டு எதிர்த் திசைகள்! படைப்பின் சிக்கனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நாம் பாடநூலில் கண்டதில்லை.

ஆனால் விழுந்த மணிக்கும் ஆக்ஸினுக்கும் இடையே தொடர்பு என்ன என்பது நூறாண்டுக்கு மேல் விளங்காமலே இருந்தது. விடையின் நுனி 1930களில் அறியப்பட்ட ஒரு மக்காச்சோளச் செடியில் இருந்தது. அது நிமிர்ந்து நிற்காமல் தரையில் படுத்தே வளரும். அதனால் அதற்குச் ‘சோம்பேறி’ என்று பொருள்படும் ‘லேசி’ என்ற பெயரை வைத்தனர். பின்னர் நெல்லிலும் பிற செடிகளிலும் இந்த மரபணுவின் உறவுகள் கிடைத்தன. 2023ல் ஜப்பானிலும் சீனாவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் ‘லேசி’ புரதம் செய்யும் வேலையைக் காட்டின. அப்புரதம் மாவு மணிகளின் மேலேயே தங்கியிருக்கிறது. மணி புதிய அடிப்பக்கத்துக்கு விழுந்ததும், புரதம் அதிலிருந்து இறங்கி அருகிலுள்ள உயிரணுச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தொடர்ந்து ஆக்ஸினை வெளியேற்றும் வாயில்கள் அந்தப் பக்கமே மிகுகின்றன. மணி விழச் சில நிமிடம். வளைவு தொடங்க அரைமணி அளவு. சோம்பேறி என்று பெயரெடுத்தது உண்மையில் ஓடியாடி வேலை செய்கிற தூதன்!

விழுவதற்கே வழியில்லாத இடத்தில் என்ன ஆகும்? விண்வெளிக் கலத்தில் மணிகள் ஒருபுறமாகப் படிவதில்லை. அங்கே வேருக்குக் கீழ் என்பதே கிடையாது. விதைக்குள் நோக்கியிருந்த திசை, ஈரம், ஒளி இவற்றைக் கொண்டே அது வழி தேட வேண்டியிருக்கிறது. நம் நாட்டு விண்வெளி நிறுவனம் 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஏவுகலத்தின் கடைசிக் கட்டத்தில் எட்டுக் காராமணி விதைகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து அனுப்பிற்று. நான்கே நாளில் அவை முளைத்தன. பிறகு இலையும் விட்டன.

புவியிலும் எல்லா வேரும் நேர் கீழே செல்வதில்லை. ஆணிவேர் இறங்கும், பக்கவேர்கள் ஒரு சாய்வில் படரும், எல்லாம் ஒரே நேர்கோட்டில் போனால் ஒரே இடத்து ஈரத்துக்கு அல்லவா அடித்துக்கொள்ள நேரும்! சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் படகில் சென்றவர்கள், சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல நிற்கும் குச்சிகளைப் பார்த்திருப்பார்கள். அவை வெண்கண்டல் மரத்தின் சுவாச வேர்கள். சேற்றில் பிராணவாயு இல்லாமையால் அவை புவியீர்ப்புக்கு எதிராக, செங்குத்தாக மேலே வருகின்றன. இதற்கு நேர்மாறானது நம் பனங்கிழங்கு. அது வேர் அன்று. பனை விதை முளைக்கும்போது வித்திலையின் காம்பு நீண்டு, இளங்கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடுகிறது. வறண்ட தேரியில் கன்று பிழைப்பது அந்த ஆழத்தால்தான்.

வேர் எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பது உழவருக்கும் பெரிய விஷயம். விதைப்பவர் உவமையில், பாறை நிலத்தில் விழுந்த விதை விரைவில் முளைத்தும் வேரூன்ற முடியாமல் வெயிலில் கருகிப் போனதை நாம் அறிவோம். அங்கே குறை மண்ணில் இருந்தது. மண் ஆழமாக இருந்தும் வேர் ஆழமாகப் போகாத பயிரும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1985ல் வெளியிட்ட ஐ.ஆர். 64 என்ற நெல், நம் நாட்டிலும் ஆசியாவின் பிற நாடுகளிலும் பரவலாகப் பயிரிடப்பட்டது. விளைச்சலும் சுவையும் நன்று. ஆனால் வேர் மேலாகவே பரவும். தண்ணீர் நிற்கும் வயலில் அதனால் கெடுதி இல்லை. மழை பொய்த்தால் முதலில் வாடுவதும் அதுவே. பிலிப்பைன்ஸின் மேட்டு நிலங்களில் கினாண்டாங் பட்டோங் என்ற நாட்டு நெல் உண்டு. அதன் வேர் செங்குத்தாக ஆழம் போகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு ஒரே மரபணுவால் வருவது என்று ஜப்பானைச் சேர்ந்த யூசாகு உகாவும் அவருடைய குழுவினரும் 2013ல் கண்டறிந்தனர். அதுவும் நாம் மேலே கண்ட ‘லேசி’ குடும்பத்தைச் சேர்ந்ததே. ஐ.ஆர். 64ல் அந்த மரபணுவின் எழுத்துகளில் ஒன்றே ஒன்று குறைந்து, புரதம் பாதியில் நின்றுபோயிருந்தது! நாட்டு நெல்லின் முழு மரபணுவைக் கலப்பின முறையால் ஐ.ஆர். 64ல் சேர்த்தபோது வேர் ஆழமாக இறங்கிற்று. கடும் வறட்சியில் பழைய ஐ.ஆர். 64 ஏறக்குறைய ஒன்றும் விளையாதபோது, அதன் புதிய உடன்பிறப்பு ஓரளவேனும் கதிர் முற்றி நெல் தந்தது.

அப்படியானால் எல்லா நெல்லுக்கும் ஆழ வேரே வைத்துவிடலாமே என்று தோன்றும். உப்பு ஏறிய வயல்களில் அது பயன்படாது. அங்கே மண் இறுகி, நீர் தேங்கி, அடியில் காற்றே இல்லாமல் போகிறது. ஆழம் போன வேர் மூச்சுத் திணறும். இந்தோனேசிய நெல் ஒன்றில், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரபணு செயலிழந்திருப்பதால், வேர்கள் புவியீர்ப்பைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் மண்ணின் மேற்பரப்பிலேயே பரவுகின்றன. 2020ல் வெளியான ஆய்வில், இந்தப் பண்பைச் சேர்த்த நெல் உப்பு வயல்களில் சேர்க்காத நெல்லைவிட அதிகமாக விளைந்தது.